மலையேறிய திருத்தந்தையும் விறைத்துப்போன இரத்தக்குழாய்களும்



1889ம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே நிற்கும் மோந்தே ரோசா மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,600 மீட்டர் உயரத்தில், நான்கு பேர் ஓர் இரவைக் கழித்தார்கள். அவர்கள் நின்ற பாறைத் திட்டு மிகக் குறுகியது. கடுங்குளிரில் கண்ணயர்ந்தால் உயிர் பிழைப்பது அரிது என்பதால், விடியும்வரை தூங்காமல் காத்திருந்தார்கள். அவர்களில் இருவர் மலைவழிகாட்டிகள். மற்ற இருவரும் மிலான் நகரிலிருந்து வந்த குருக்கள். அக்குருக்களில் ஒருவரான 32 வயது அக்கில்லே ராத்தி, பின்னாளில் திருஅவையின் தலைவரானார். அவரையே நாம் திருத்தந்தை பதினோராம் பயஸ் என்றும், பழைய வழக்கில் பதினோராம் பத்திநாதர் என்றும் அறிவோம்.

அதே மனிதர் 1936ம் ஆண்டு டிசம்பரில் வத்திக்கானில் படுக்கையில் விழுந்தார். மலையேறிய கால்கள் நிற்க மறுத்தன. வேதனை அவரை உறங்கவிடவில்லை, மூச்சும் திணறியது. அவருடைய இரத்தக்குழாய்கள் தடித்து விறைத்துவிட்டன, இதயம் தளர்ந்துவிட்டது, கால்களில் இரத்த ஓட்டம் கெட்டுவிட்டது என்று அந்நாளைய செய்திகள் உலகுக்கு அறிவித்தன. அப்போது அவருக்கு வயது 79. நம் பங்குகளில் சர்க்கரை நோயோடும், இரத்த அழுத்தத்தோடும், இதய நோயோடும் முதுமையை எதிர்கொள்ளும் எத்தனையோ பேருக்கு இந்தத் திருத்தந்தையின் இறுதி ஆண்டுகள் சொல்லும் செய்தி உண்டு. அதைக் குறித்து இன்று சிந்திப்போம்.

அக்கில்லே ராத்தி 1857ம் ஆண்டு மே 31ம் நாள், மிலானுக்கு அருகிலுள்ள தேசியோ என்ற ஊரில் பிறந்தார். தந்தை பட்டு ஆலை ஒன்றின் மேலாளர். 1879ம் ஆண்டு டிசம்பரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட ராத்தி, சில ஆண்டுகள் குருமடப் பேராசிரியராக இருந்தபின், 1888ம் ஆண்டு மிலானின் புகழ்பெற்ற அம்புரோசியானா நூலகத்தில் சேர்ந்தார். பழைய ஏடுகளுக்கு நடுவே அமர்ந்து வேலை செய்தவர், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மலைகளைத் தேடிச் சென்றார். மோந்தே ரோசாவை ஏறிக் கடந்த அதே 1889ம் ஆண்டில் மேட்டர்ஹார்ன் சிகரத்தையும், மறு ஆண்டில் மோன் பிளாங் சிகரத்தையும் எட்டினார். மோன் பிளாங்கிலிருந்து இத்தாலியப் பக்கமாக அவர் இறங்கிவந்த வழி, இன்றும் திருத்தந்தையின் வழி என்றே மலையேறுவோரால் அழைக்கப்படுகிறது. திருத்தந்தையான பிறகும் அவர் மலைகளை மறக்கவில்லை. 1923ம் ஆண்டு புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவர் இவரே.

மலையில் காட்டிய உறுதியைப் பணியிலும் காட்டினார். 1920ம் ஆண்டு ஆகஸ்டில் செஞ்சேனை வார்சா நகரை நெருங்கியபோது, வெளிநாட்டுத் தூதர்களில் பெரும்பாலோர் நகரைவிட்டு வெளியேறினர். திருத்தந்தையின் தூதராக அங்கே இருந்த பேராயர் ராத்தி தங்கிவிட்டார். 1922ம் ஆண்டு பிப்ரவரி 6ம் நாள் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1925ல் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஏற்படுத்தினார். 1929ல் இலாத்தரன் உடன்படிக்கை அவர் காலத்தில் கையெழுத்தானது. 1931ல் வத்திக்கான் வானொலியைத் தொடங்கிவைத்தார்.

நம் தமிழ் மண்ணுக்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1923ம் ஆண்டு ஜூன் 12ம் நாள் தூத்துக்குடி மறைமாவட்டத்தை உருவாக்கி, அதை திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையிடம் ஒப்படைத்தார். இலத்தீன் வழிபாட்டு முறையில் இக்காலத்தின் முதல் இந்திய ஆயர் அவர். 1930ம் ஆண்டு கோட்டாறு, சேலம் மறைமாவட்டங்களும், 1938ம் ஆண்டு ஜனவரியில் மதுரை மறைமாவட்டமும் இத்திருத்தந்தையின் காலத்திலேயே பிறந்தன. மதுரை மறைமாவட்டம் உருவானபோது, அவர் ஏற்கெனவே நோயில் விழுந்து எழுந்தவராக இருந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இத்தனை வலிமையான உடலுக்கு என்ன நேர்ந்தது? இதைப் புரிந்துகொள்ள நம் உடலுக்குள் சற்று எட்டிப்பார்ப்போம்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி இளமையில் புது ரப்பர் குழாய்போல இருக்கிறது. இதயம் ஒவ்வொரு முறை இரத்தத்தைத் தள்ளும்போதும் அது விரிந்து கொடுக்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் அது சுருங்கி, இரத்தத்தைத் தொடர்ந்து முன்னே அனுப்புகிறது. இந்த நெகிழ்வால்தான் மூளை, சிறுநீரகம் போன்ற மெல்லிய உறுப்புகளுக்கு இரத்தம் அடித்து மோதாமல் சீராகப் போய்ச்சேருகிறது. வயது ஏற ஏற, நெகிழ்வு தரும் இழைகள் தேய்ந்து அறுபடுகின்றன. அவற்றின் இடத்தை விறைப்பான இழைகள் பிடித்துக்கொள்கின்றன. சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. வெயிலில் பல ஆண்டுகள் கிடந்த ரப்பர் குழாய்போலத் தமனி விறைத்துப்போகிறது. சர்க்கரை நோய் இருந்தால், இரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரை அந்த இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து விறைப்பை விரைவுபடுத்துகிறது. உயர் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் அதே வேலையைச் செய்கின்றன.

விறைத்த தமனியில் நாடித்துடிப்பின் அலை வேகமாக ஓடும். அந்த வேகத்துக்கும் தமனியின் நெகிழ்வுக்கும் உள்ள தொடர்பை பிராம்வெல், ஹில் என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள், இவர் திருத்தந்தையான அதே 1922ம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார்கள். இன்று கழுத்துக்கும் தொடைக்கும் இடையே அந்த வேகத்தை அளக்கிறார்கள். விநாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் தமனி விறைத்திருக்கிறது என்று மருத்துவர்கள் கொள்கின்றனர். அந்தக் கருவி எல்லா ஊரிலும் இல்லை. ஆனால், இரத்த அழுத்தம் பார்க்கும்போது மேல் அளவு ஏறி, கீழ் அளவு இறங்கி, இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் அதுவும் ஓர் அடையாளமே. முதியவர் ஒருவருக்கு அழுத்தம் 165க்கு 65 என்று வந்தால், கீழ் அளவு குறைவுதானே என்று நாம் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

தமனி விறைத்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் சுமையைத் தள்ள வேண்டியிருக்கிறது. இதயச் சுவர் தடிக்கிறது. மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய குழாய்கள் அடிபடுகின்றன. கை கால் தசைகளுக்குப் போகும் இரத்தமும் குறையலாம். தசை மெலிகிறது. மெலிந்தவர் நடப்பதைக் குறைக்கிறார். நடப்பது குறைந்தால் தமனி மேலும் விறைக்கிறது. இப்படி ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போவதால், இதய நோயும் சர்க்கரையும் உள்ள முதியோரிடம் விறைத்த தமனியும் உடல் நலிவும் பல நேரங்களில் சேர்ந்தே காணப்படுகின்றன.

நலிவு என்றால் வெறும் வயோதிகம் அல்ல. 2001ம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் லிண்டா பிரைடும் அவரோடு பணியாற்றியவர்களும் அதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்துத் தந்தார்கள். முயலாமலே எடை குறைதல், எப்போதும் களைப்பு, கைப்பிடி வலு குறைதல், நடை மெதுவாதல், உடல் உழைப்பு குறைதல் ஆகியவையே அவை. இவற்றில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அவர் நலிவுற்றவர். ஒன்று அல்லது இரண்டு இருந்தால் நலிவின் வாசலில் நிற்பவர். வாசலில் நிற்பவரைத் திருப்பி அழைத்துவர வாய்ப்பு உண்டு என்பதே இந்த அளவுகோலின் பயன்.

இந்த அறிவில் பெரும்பகுதி பதினோராம் பயசின் மருத்துவர்களிடம் இருக்கவில்லை. கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் முறையை 1896ம் ஆண்டிலேயே இத்தாலியரான ரீவா ரோச்சி கொடுத்திருந்தார். ஆனால், அளந்து பார்த்தபின் அதைக் குறைக்க நல்ல மருந்து இல்லை. இன்று நாம் எளிதாக வாங்கும் நீர்ப்போக்கு மாத்திரை வகையில் முதலாவது 1958ம் ஆண்டில்தான் வந்தது. ஆகவே, ஓய்வெடுங்கள் என்பதுதான் அன்றைய மருத்துவர்களின் முக்கிய அறிவுரையாக இருந்தது.

ஓய்வெடுப்பது இவருக்கு எளிதல்ல. கண்டிப்பானவர், கோபக்காரர், தாம் சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் என்று பெயரெடுத்தவர் அவர். தம் காலால் சிகரங்களை எட்டிய அப்படிப்பட்ட ஒருவர், இனி பிறர் உதவியின்றி அறையைக் கடக்க முடியாது என்பதை ஏற்க வேண்டியிருந்தது. முதுமையில் பிறர் கையால் நடத்தப்படும் நிலை வரும் என்று ஆண்டவர் பேதுருவுக்கு முன்னறிவித்தது, பேதுருவின் வழிவந்த இவரிடமும் நிறைவேறியது.

இவர் தமக்கு எஞ்சியிருந்த வலிமையை என்ன செய்தார் என்பதுதான் நம் சிந்தனைக்குரியது. 1936ம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள், படுக்கையில் இருந்தபடியே வானொலி வழியாக உலகத்தோடு பேசினார். 1937ம் ஆண்டு ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து மூன்று கர்தினால்களும் இரண்டு ஆயர்களும் வந்தபோது, அவர்களைத் தம் படுக்கை அருகே வரவழைத்தார். நாத்சி ஆட்சியில் திருஅவை படும் துன்பங்களைக் கேட்டறிந்தார். அந்தச் சந்திப்பைத் தொடர்ந்து உருவானதுதான் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட அந்தப் புகழ்பெற்ற சுற்றுமடல். அது மறைவாக ஜெர்மனிக்குள் கொண்டுசெல்லப்பட்டு, மறைவாக அச்சிடப்பட்டு, 1937ம் ஆண்டு மார்ச் 21ம் நாள் குருத்து ஞாயிறன்று அந்நாட்டின் கோவில்களில் வாசிக்கப்பட்டது. இனத்தையும் அரசையும் கடவுளின் இடத்தில் வைக்கும் போக்கை அது வெளிப்படையாகக் கண்டித்தது. மார்ச் 19ம் நாள் தேதியிட்டு, இறைமறுப்புப் பொதுவுடைமை குறித்த மடல் வெளிவந்தது. மார்ச் 28ம் நாள் தேதியிட்டு, மெக்சிகோ திருஅவைக்கான மடல் வெளிவந்தது. ஆக, இரண்டே வாரங்களில் மூன்று சுற்றுமடல்கள், நடக்க முடியாத ஒரு முதியவரின் அறையிலிருந்து புறப்பட்டன.

இவற்றை அவர் தனியே செய்துவிடவில்லை. ஜெர்மானிய மடலின் முதல் வரைவை கர்தினால் பவுல்ஹாபர் எழுதினார். கர்தினால் பச்செல்லி அதை விரிவாக்கினார். முன்பு எல்லாவற்றையும் தாமே பார்த்துப் பழகியவர், இப்போது பிறர் கைகளை நம்பினார். எதற்குத் தம் குரல் கட்டாயம் தேவையோ அதற்கு மட்டும் தம் மூச்சைச் செலவழித்தார்.

அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் அவர் மீண்டும் மக்கள் முன் தோன்றினார். தாம் 1925ல் புனிதராக உயர்த்திய குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பரிந்துரையாலேயே தேறியதாக நம்பினார். ஆனால், பழைய உடல் திரும்பிவரவில்லை. 1938ம் ஆண்டு மே மாதம் ஹிட்லர் உரோமைக்கு வந்தபோது, அவர் முன்னதாகவே காஸ்தல் கந்தோல்போ இல்லத்துக்குச் சென்றுவிட்டார். வத்திக்கான் அருங்காட்சியகங்களும் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் பெல்ஜியத்திலிருந்து வந்த திருப்பயணிகளிடம், யூத வெறுப்பில் கிறிஸ்தவர்களுக்குப் பங்கு இருக்க முடியாது என்று கண்கலங்கப் பேசினார். செப்டம்பர் 29ம் நாள் உலக அமைதிக்காகத் தம் உயிரையே காணிக்கையாக்குவதாக வானொலியில் அறிவித்தார்.

நவம்பர் 25ம் நாள், சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மாரடைப்பு வந்தது. அதன்பின் அவருக்கு ஒரு நோக்கம் மிஞ்சியிருந்தது. 1939ம் ஆண்டு பிப்ரவரி 11ம் நாள் இலாத்தரன் உடன்படிக்கையின் பத்தாம் ஆண்டு நிறைவு. அதற்கு இத்தாலியின் ஆயர்கள் அனைவரையும் அழைத்திருந்தார். பாசிச ஆட்சியின் போக்கைக் குறித்து அவர்களிடம் பேசுவதற்காக ஓர் உரையைத் தயாரித்திருந்தார். அந்த நாள்வரை தம்மை உயிரோடு வைத்திருக்கும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார். ஆனால், பிப்ரவரி 10ம் நாள் அதிகாலையில், 81ம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அந்த உரை ஆற்றப்படவில்லை. 1959ம் ஆண்டில் திருத்தந்தை 23ம் யோவான் அதன் பகுதிகளை வெளியிட்டார்.

அன்பர்களே, இவ்வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

முதலாவது, நலிவு ஒருவருடைய குற்றமல்ல. ஆல்ப்ஸ் மலைகளை ஏறியவருக்கே தமனி விறைத்தது. ஆகவே, நடை மெதுவாகிவிட்ட நம் தந்தையையோ, அடிக்கடி சோர்ந்து அமரும் நம் அன்னையையோ சோம்பேறி என்றும், சாக்குச் சொல்கிறார் என்றும் பேசாதிருப்போம். முழந்தாளிட்டுச் செபித்தவர் இப்போது கடைசி வரிசை நாற்காலியில் அமர்கிறார் என்றால், அவருடைய பக்தி குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது உடல் தரும் எச்சரிக்கை. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

இரண்டாவது, அன்பின் பெயரால் முதியோரை முற்றிலும் உட்காரவைத்துவிடுவது நல்லதல்ல. அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரைக்கொண்டு நடத்தப்பட்டு, 2014ம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், ஒழுங்காக நடைப்பயிற்சியும் தசைகளுக்கும் சமநிலைக்குமான பயிற்சியும் செய்தவர்களிடம், நடக்கும் திறனை இழப்பது குறைந்திருந்தது. மருத்துவரிடம் கேட்டு, அவரவர் இதயம் தாங்கும் அளவுக்கு நடப்பதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் சில முறை எழுந்து அமர்வதும் நல்ல தொடக்கம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைத்து உப்பின் அளவைக் கட்டுப்படுத்துவோம். சர்க்கரைக்குப் பயந்து வெறும் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளாமல், தசைக்கு வலு தரும் பயறு, முட்டை, மீன் போன்றவற்றை உண்பது அவசியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதன் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது அழுத்தம் குறைந்து தலைசுற்றி விழுவோர் பலர். சற்று அமர்ந்து பிறகு எழுவது நல்லது. பதினோராம் பயசுக்குக் கிடைக்காத மருந்துகள் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றை நாமாக நிறுத்திவிடாதிருப்போம்.

மூன்றாவதே மிக முக்கியமானது. குறைந்துபோன வலிமையை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த முதியவருக்கே உரியது. நம் வீடுகளில் பெரியவர் படுத்துவிட்டால், அவரைக் கேட்காமலே எல்லாவற்றையும் நாம் முடிவு செய்துவிடுகிறோம். திருமணப் பேச்சு அடுத்த அறையில் நடக்கிறது. நிலத்தை விற்கும் செய்தி அவருக்குக் கடைசியாகத்தான் தெரிகிறது. அவர் காதில் விழக்கூடாது என்று மெல்லப் பேசுகிறோம். பதினோராம் பயசின் படுக்கையைச் சுற்றி ஆயர்கள் அமர்ந்தது போல, நம் வீட்டுப் பெரியவரின் கட்டிலைச் சுற்றி நாம் அமரலாமே! அவர் அரை மணி நேரம் மட்டுமே பேச முடியும் என்றால், அந்த அரை மணி நேரத்தில் யாரைப் பார்க்க விரும்புகிறார், எதைச் சொல்ல விரும்புகிறார் என்று கேட்கலாமே!

நம் அன்பியங்களில் நோயாளிகளைச் சந்திக்கும் வழக்கம் இருக்கிறது. முதல் வெள்ளிக்கிழமைகளில் பங்குத்தந்தையர் அவர்களுக்கு நற்கருணை கொண்டுசெல்கின்றனர். அடுத்த முறை செல்லும்போது ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பாமல், ஒரு பணியையும் கேட்டுப் பெற்றுவருவோம். மறைக்கல்வி மாணவருக்கு ஊரின் விசுவாச வரலாற்றைச் சொல்வது, பகைத்திருக்கும் இரு குடும்பங்களை அழைத்துப் பேசுவது, ஒருவருக்காகத் தினமும் செபிப்பது என்று அவர்களால் செய்யக்கூடியவை ஏராளம். மலையுச்சியில் விழித்திருந்த இரவிலும், நோய்ப்படுக்கையில் உறங்காமல் கிடந்த இரவுகளிலும் தம் பணியாளரோடு இருந்த ஆண்டவர், நம் இல்லங்களில் நலிவுற்றிருக்கும் ஒவ்வொருவரோடும் இருந்து, அவர்களுக்கு வலிமையும், அவர்களுக்குச் செவிகொடுக்கும் உள்ளத்தை நமக்கும் தந்தருள்வாராக.